பீஷியா எடுத்துக்கொண்ட மூன்று புள்ளிகள்

தைவானில், எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் சாலையோரம் சிவப்புக் கோடு போடாத இடம் கடல் ஒன்றுதான் என்று எங்கள் டாக்சி வரிசையில் ஒரு கேலி உண்டு. சிவப்புக் கோட்டில் வண்டி நிற்கக் கூடாது, ஆளை இறக்கிவிடக் கூட. ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு, சந்தை வாசலில் சிவப்பு, கோயில் வாசலில் சிவப்பு. அப்படியானால் பயணியை எங்கேதான் இறக்குவது, பாராசூட் கட்டியா என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். மேடையில் இருந்த அதிகாரிகள் நன்றாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போலீஸ்காரர் பிடித்தால் கூடப் பேசிப் பார்க்கலாம். இப்போது பிடிப்பதெல்லாம் பின்னால் வருகிற மகராசன்கள். கண்ணாடியில் ஒட்டிய கேமராவில் பதிந்ததை வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே காவல்துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தபாலில் நோட்டீஸ் வரும். அபராதத்தை எப்படியோ கட்டிவிடலாம். கூடவே உரிமத்தில் ஏறுகிற குற்றப் புள்ளிதான் உயிரை எடுக்கும். ஓராண்டுக்குள் பன்னிரண்டு புள்ளி சேர்ந்தால் உரிமத்தை இரண்டு மாதம் முடக்கிவிடுவார்கள். சொந்தக் கார்க்காரர் அந்த இரண்டு மாதம் பஸ்ஸில் போவார். நாங்கள் எதில் போவது?

இதையெல்லாம் சொல்வது என் தோழி பீஷியாவுக்காக. முழுப் பெயர் யென் பீஷியா, யென் என்பது குடும்பப் பெயர். வயது ஐம்பத்து நான்கு. முன்பு குடைக் கம்பெனியில் கம்பி கோத்துக்கொண்டிருந்தவள். கம்பெனி கடல் தாண்டிப் போய்விட்டது, வருடமெல்லாம் மழை கொட்டுகிற எங்கள் ஊரில் குடை செய்கிறவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள். பிறகு டாக்சிப் பரீட்சை எழுதித் தேறி, பழைய வண்டி ஒன்றைத் தன் பெயரில் வாங்கி, ரயில் நிலைய வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். முதல் வாரம் ஆண்கள், "ஆன்ட்டி, மலை ரோட்டுல ரிவர்ஸ் வருமா?" என்று சீண்டினார்கள். "உங்க வீட்டுச் சந்துக்குள்ள ரிவர்ஸ்லயே வந்து உங்கம்மாவை ஏத்திட்டுப் போயிருக்கேன், கேட்டுப் பாருங்க," என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வயதானவர்கள் அவளைத்தான் போனில் கூப்பிடுவார்கள். படியேற்றி விடுவாள், பையைத் தூக்குவாள், சக்கர நாற்காலியை விரித்து உட்கார வைத்த பிறகுதான் வண்டியை எடுப்பாள். அவள் பெயரில் இருந்த நான்கு புள்ளியும் அப்படி ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாங்கியவை. சக்கர நாற்காலி விரிக்க எவ்வளவு நேரமாகும் என்று சட்டம் எழுதியவர்கள் யாரும் விரித்துப் பார்த்ததில்லை போலும்.

அவள் கணவன் வான்ஃபூ துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவன். அங்கே வேலை குறைந்ததும் பீஷியாதான் அவனையும் டாக்சிப் பரீட்சைக்குத் தள்ளினாள். ஒரே வண்டி, இரண்டு பேர். பகலில் அவள், மாலை நான்கிலிருந்து அவன். அவன் மீது எனக்குப் பெரிய மரியாதை எப்போதும் இருந்ததில்லை, ஆனால் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். யாரோடும் சண்டை போடத் தெரியாத ஆள். காலில் மட்டும் கொஞ்சம் அவசரம். அந்த அவசரத்தால் ஒன்பது புள்ளி சேர்த்து வைத்திருந்தான்.

ஒரு விஷயம் தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். கேமராவுக்கு வண்டி எண் தெரியும், ஓட்டுகிற ஆள் தெரியாது. நோட்டீஸ் வண்டிக்காரர் பெயருக்கு வரும். ஓட்டியது வேறு ஆள் என்றால் எழுதிக் கொடுக்கலாம், புள்ளி அந்த ஆளுக்குப் போய்விடும். எழுதிக் கொடுக்காவிட்டால் வண்டிக்காரருக்கு. ஆகவே புருஷன் பெண்டாட்டி இருவரும் ஓட்டுகிற வீடுகளில், இரவுச் சாப்பாட்டின் போது நோட்டீஸை நடுவில் வைத்து, யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு தட்டில் கறி அதிகமானால் பக்கத்துத் தட்டுக்கு மாற்றுகிற மாதிரிதான். தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. அநியாயமாக வந்த புள்ளிக்கு நியாயமாக ஒரு பெயர் எதற்கு என்பது எங்கள் கணக்கு.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பீஷியா என் வண்டியின் கண்ணாடியைத் தட்டி, ஒரு நோட்டீஸைக் காட்டினாள். துறைமுக வளைவில், மழையில், முன்னால் நின்ற பஸ்ஸைத் தாண்ட அவர்கள் வண்டி கோட்டை மிதித்து இடது பக்கம் வெட்டியிருந்தது. சிக்னல் விளக்கும் போடவில்லை.

"மூணு புள்ளி, அக்கா."

"யாரு ஓட்டினது?"

"அவருதான். சாயங்காலம்."

"அவருக்குப் போட்டா?"

"பன்னிரண்டு ஆயிடும்."

"உனக்குப் போட்டா?"

"ஏழு."

"அப்புறம் என்னடி யோசனை? இதுக்குத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டே."

சிரித்தாள். முந்தின இரவே முடிவாகிவிட்டதாம். நோட்டீஸைப் பார்த்ததும் வான்ஃபூ கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இது ஒண்ணை மட்டும் நீ எடுத்துக்கோ. புது வருஷம் பொறந்தா என்னோட பழைய புள்ளி கழிஞ்சிடும்," என்றானாம். பீஷியா யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பேசாமல் போய் அபராதத்தைக் கட்டினாள். புள்ளி அவளுடையதாயிற்று.

பத்து நாள் போயிருக்கும். போக்குவரத்துக் காவல் நிலையத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அந்த நோட்டீஸ் விஷயம்தான் என்று நினைத்துப் போனாள். இளம் அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, அன்னிக்கு அந்த வளைவுல வண்டியை ஓட்டினது நீங்கதானே?"

"ஆமா, நான்தான்."

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். சந்திப்பில் இருந்த அரசாங்கக் கேமராவின் படம். மஞ்சள் டாக்சி வெட்டுகிறது. பின்னால் வந்த ஸ்கூட்டர் பதறிப் பிரேக் பிடிக்கிறது, ஈர ரோட்டில் வழுக்குகிறது, ஓட்டி வந்த பெண் ஸ்கூட்டருக்கு அடியில் காலை விட்டபடி தேய்ந்துகொண்டே போகிறாள். டாக்சி படத்தை விட்டு வெளியே போய்விடுகிறது.

"இவங்க விழுந்ததை நீங்க பாக்கலையா?"

"பாக்கலைங்க," என்றாள் பீஷியா. அவள் அங்கே சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இடிக்கவில்லை என்றாலும் விபத்துதான், அந்தப் பெண்ணுக்குக் காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருக்கிறது, காயம்பட்டவரை விட்டுவிட்டுப் போனது குற்ற வழக்கு, அரசு வழக்கறிஞரிடம் போகும் என்று அதிகாரி விளக்கினார். அதற்கு முன்னால் வட்டார சமரசக் குழுவில் பேசி அந்தப் பெண்ணைச் சமாதானம் செய்வது நல்லது என்றும் சொன்னார். பீஷியாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, பின் சீட்டில் பயணி மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

"திரும்பிப் போய் நிஜத்தைச் சொல்லுடி," என்றேன்.

"சொன்னா அவருக்குப் பன்னிரண்டோட போகுமா? உரிமமே போயிடும் அக்கா. ஐம்பத்தெட்டு வயசு ஆளுக்கு யாரு வேலை குடுப்பா? ஒருத்தர் ஓட்டி ரெண்டு பேர் சாப்பிட முடியாது."

"உன் உரிமம் போனா?"

"நான் பாக்கவே இல்லைன்னு சொல்லிட்டேன். அந்தம்மா மன்னிச்சுட்டா அரசு வழக்கறிஞரும் விட்டுடுவாருன்னு சொல்றாங்க."

அன்று வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டு வான்ஃபூ வெளிறிப் போனானாம். "எனக்கு ஒண்ணும் தெரியாதே. கொட்டற மழை," என்றான். பிறகு, "நானே போய்ச் சொல்லிடறேன்," என்றான். பீஷியா வேண்டாம் என்றாள். "சரி," என்றான். இரண்டாம் தடவை அவன் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னதும் அடங்கிவிடுகிற நல்ல மனது என்ன நல்ல மனது?

சமரசத்துக்கு நாள் குறித்து வருவதற்குள் பீஷியா பாதியாகிவிட்டாள். வண்டி ஓட்டும்போது சாலை கடக்கும் கோட்டருகே ஓர் ஆள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவன் கடக்கப் போகிறானா இல்லையா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருப்பாள். பின்னால் ஹாரன் அலறும். போகாவிட்டால் பின்னால் இருப்பவன் திட்டுவான், போனால் எவனாவது படம் பிடித்து அனுப்புவான். ஒரு பயணி, "ரயிலை விட்டுட்டேன், நடந்தே போயிருக்கலாம்," என்று கதவை அறைந்துவிட்டு இறங்கிப் போனார். பின்னால் ஏதாவது ஸ்கூட்டர் தெரிந்தால் அது தாண்டிப் போகிற வரை பீஷியா மூச்சே விடமாட்டாள்.

ஓய்வு நேரத்தில் அந்த வளைவுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் என்னிடம் கேட்டாள்:

"விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிருக்கணும் இல்லையா அக்கா?"

"நீ அங்கே இருக்கவே இல்லையேடி."

"ஆமால்ல," என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. தூக்கத்தில் தானே ஸ்டீயரிங்கை வெட்டுகிறாளாம், தானே கண்ணாடியில் பார்க்கிறாளாம். செய்யாத குற்றத்தைத் தினமும் இரவில் செய்துகொண்டிருந்தாள்.

சமரச நாளன்று விடியலிலேயே எழுந்து பன்றிக்கால் நூடுல்ஸ் சமைத்தாள். விபத்தில் தப்பியவர்களுக்கு அதைத்தான் கொடுப்போம். கெட்ட நேரம் கழன்று போகட்டும் என்று சாப்பிடுவது. நூடுல்ஸ் தனியே, குழம்பு தனியே என்று அடுக்குப் பாத்திரத்தில் கட்டி, ஒரு பழக்கூடையும் எடுத்துக்கொண்டாள். வான்ஃபூ வரவில்லை. இரண்டு பேரும் போனால் சந்தேகம் வரும் என்றானாம். நான் போனேன்.

வட்டார அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஹோங் சாய்யுன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள், நாற்பது வயது இருக்கும். கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன். நடுவில் சமரசக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எல்லாருக்கும் டீ ஊற்றி, "மனசு விட்டுப் பேசுவோம். கோபத்தை டீயோட முழுங்கிடுங்க," என்றார்.

பீஷியா எழுந்து இடுப்பு வரை குனிந்தாள். "என்னால உங்களுக்கு இவ்வளவு கஷ்டம். நான் கவனிக்காம போயிட்டேன். மன்னிச்சுடுங்க," என்று சொல்லி, பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

அண்ணன் பாய்ந்தான். "கவனிக்கலையா? டாக்சிக்காரங்களுக்குப் பின்னாடி பாக்கற கண்ணாடி எதுக்கு, தலை சீவிக்கவா?"

"கொஞ்சம் இரு அண்ணே," என்றாள் சாய்யுன். அவள் கோபமாகவே இல்லை. பீஷியாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, நீங்களா ஓட்டினீங்க?"

"ஆமாங்க."

"வண்டியில வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

சாய்யுன் சமரசக்காரர் பக்கம் திரும்பினாள். "சார், இவங்க இல்லை. டாக்சி ஓட்டினவங்க குடும்பப் பேரு யென்னு மட்டும்தான் போலீஸ்ல சொன்னாங்க, அந்த ஆளுதான் வரப்போறாருன்னு இருந்தேன். ஒரு ஆம்பளை. கொஞ்சம் தள்ளிப் போய் வண்டியை நிறுத்தினாரு. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி என்னைப் பாத்தாரு. நரைச்ச புருவம். நான் கையைத் தூக்கினேன். காப்பாத்த வர்றாருன்னு நினைச்சேன். கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு."

சமரசக்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வலியில தப்பாப் பாத்திருக்கலாம்," என்றார், யாருக்குச் சாதகமாகப் பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாமல்.

"கால்தான் சார் ஒடைஞ்சுது, கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பணத்தை விடுங்க. ஏன் நிக்கலைன்னு ஒரு தரம் கேக்கணும்னு இருந்தேன். அதுக்குத்தான் இவ்வளவு மாடி ஏறி வந்தேன். நீங்க வந்து மன்னிப்புக் கேட்டா நான் என்னத்தைக் கேக்கறது?"

பீஷியா நின்றபடியே நின்றாள். கடைசியில், "இன்னொரு நாள் வெச்சுக்கலாங்களா?" என்று மட்டும் கேட்டாள். சாய்யுன் தலையசைத்தாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகும் பீஷியா சாவியைத் திருப்பவில்லை. முன்கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"விபத்து நடந்த அன்னிக்கு ராத்திரி அவரு பன்னிக்கால் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கிட்டு வந்தாரு அக்கா," என்றாள். "யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். சும்மா சாப்பிடணும் போல இருந்துச்சுன்னாரு. எனக்கும் பாதி வெச்சாரு. நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு வண்டி கைமாறுகிற இடம் அவர்கள் வீட்டுச் சந்தின் முனை. வான்ஃபூ குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பீஷியா இறங்கிப் பக்கத்துச் சீட்டுக்குப் போனாள். நான் பின்னால் இருந்தேன். அவன் உள்ளே உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "என்ன அக்கா, ஆச்சா?" என்றான்.

"நீங்க வண்டியை நிறுத்தினீங்க," என்றாள் பீஷியா. "தலையை நீட்டி அவங்களைப் பாத்தீங்க."

அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டான்.

"எழுந்து உக்காந்தாங்க. அதைப் பாத்துட்டுத்தான் போனேன்."

"கையைத் தூக்கினாங்களாம்."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்?"

"ஒன்பது இருந்துச்சு பீஷியா. நின்னா போலீஸ் வரும். கோட்டை மிதிச்சதுக்கு அங்கேயே எழுதிடுவாங்க, பன்னிரண்டு ஆயிடும். வேற ஒண்ணும் தோணலை. உக்காந்துட்டாங்க, யாராச்சும் வந்து தூக்கிடுவாங்கன்னு..." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "நோட்டீஸ் வந்தப்போ அது மட்டுந்தான்னு நினைச்சேன். சத்தியமா. அதோட முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

சொல்லிவிடுகிறேன், எனக்கு அவன் மேல் இரக்கமும் வந்தது. பன்னிரண்டு என்கிற பயத்தை நாங்கள் எல்லாரும் இரவும் பகலும் மடியில் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறோம். ஆனால் கையைத் தூக்கிய ஒரு பெண்ணைப் பார்த்த பிறகும் அந்தப் பயம்தான் பெரிதாகத் தெரிந்தது என்றால், அதற்குச் சட்டத்தை மட்டும் திட்டி என்னால் முடித்துவிட முடியவில்லை.

டாக்சியில் ஓட்டுகிறவரின் படம் போட்ட அட்டை முன்னால் பயணிக்குத் தெரிகிறபடி இருக்க வேண்டும். பீஷியா தன் அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்களோடதை வைங்க," என்றாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். நேராக நிற்கவில்லை, இரண்டு தரம் சரிசெய்தான்.

"எங்கே போகணும்?" என்று கேட்டான், தெரிந்துகொண்டே.

"ஸ்டேஷனுக்கு."

அவன் அவ்வளவு நிதானமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்குப் போட்டான். காவல் நிலையத்தின் வளாகத்துக்குள் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.

"நீ இறங்க வேணாம். மழையில நனைவே," என்றான் பிறகு. "எல்லாத்தையும் நானே சொல்லிக்கறேன். நீ சொன்னதையும் நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிடறேன்."

பீஷியா கதவைத் திறந்து காலைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"அந்த ஆபீசர்கிட்ட பொய் சொன்னது நான். அதை நான் சொல்லிக்கறேன்," என்றாள். "நீங்க உங்களோடதைச் சொல்லுங்க."